வாடகைச் சேவையா, சொந்தச் சர்வரா: ஒரு லேப் செயலிக்காகப் போட்ட கணக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. "தம்பி, ஒருத்தருக்கும் நம்பர் வரலைன்னு சொல்லுதாவ." நம்பர் என்றால் ஓடிபி. பாளையங்கோட்டையில் இரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் அண்ணாச்சி அவர். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்கள். அதற்கான செயலியை நாங்கள்தான் செய்துகொடுத்திருந்தோம். செயலிக்குள் நுழைய ஓடிபி வேண்டும். அந்த நேரத்தில் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள், முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டதோடு வெறும் வயிற்றில் இருப்பவர்கள்.

எங்கள் சர்வரின் லாகை, அதாவது நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் கோப்பைத் திறந்தால் எல்லாம் பச்சை. குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தின் ஏபிஐ, அதாவது நம் நிரல் அவர்களோடு பேசும் வாசல், ஒவ்வொரு செய்திக்கும் 'ஏற்றுக்கொண்டேன்' என்றே பதில் சொல்லியிருந்தது. ஆனால் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. முக்கால் மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. முதல் நாள் மாலை எங்களில் ஒருவர், குறுஞ்செய்தியில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார். நம் நாட்டில் வணிகச் செய்திகளின் வாசகத்தை டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். பதிந்ததோடு ஒத்துப்போகாத செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வடிகட்டி கீழே போட்டுவிடும். பதிவில் இருந்தது பிழையான எழுத்து. நாங்கள் அனுப்பியது சரியான எழுத்து. பிழையைத் திரும்பப் போட்டோம், ஓடிபி பறந்தது. இன்றைக்கும் அந்தப் பிழையோடுதான் போகிறது.

தப்பு எங்களுடையதுதான். ஆனாலும் இந்த வருடம் செயலியை முதலிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அண்ணாச்சி அந்தக் காலையை மறக்கவில்லை. "அந்தக் கம்பெனி, இந்தக் கம்பெனின்னு எதுக்கு? எல்லாத்தையும் நாமளே வச்சுக்கிட்டா என்ன?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காக நாங்கள் போட்ட கணக்குதான் இது. தரவு, ஓடிபி, வரைபடம், பணம் என்று ஒவ்வொன்றுக்கும் விடை வேறு வேறாக வந்தது.

முதலில், எப்படியெல்லாம் கைவிடுவார்கள்

வெளிச்சேவை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அது படுத்துக்கொள்வதுதான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில மணி நேரம் நின்றது. பில்லிங் அமைப்பில் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்த ஊழியர், ஒரு கட்டளையில் தவறான மதிப்பைக் கொடுத்ததால், கழற்ற நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுபோயின. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'சேவை நின்றிருக்கிறது' என்று அறிவிக்கவேண்டிய அமேசானின் நிலவரப் பக்கமும் எஸ்3-ஐ நம்பியே இருந்ததால், அந்தப் பக்கத்தில் உடனே சிவப்பு விளக்கைப் போட முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், இந்த வகை ஆபத்து எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நின்றால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும், நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் நூறு பேர் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். அண்ணாச்சியிடம் 'அமேசானே நின்னுபோச்சு' என்றால் அவரும் புரிந்துகொள்வார். பயப்படவேண்டியது மற்ற மூன்றுக்கு: கடையை மூடுவது, விலையை ஏற்றுவது, இடையில் அரசு விதி மாறுவது. இவை எழுந்து வருவதில்லை. நாம்தான் நகரவேண்டும்.

அதனால் 'எது நல்ல சேவை' என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 'இதிலிருந்து வெளியேற எத்தனை நாள்' என்று கேட்டுப் பார்த்தோம். கேட்கத் தொடங்கியதுமே ஒன்று தெரிந்தது. அந்த நாள் கணக்கு, எந்த நிறுவனம் என்பதைப் பொறுத்ததாகவே இல்லை. அந்த நிறுவனத்தின் முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. நம் சர்வரில் ஒரு வரியாக இருந்தால் ஒரு மாலை வேலை. வாடிக்கையாளரின் ஃபோனுக்குள் இருந்தால் மாதக்கணக்கு. காகிதத்தில் அச்சாகியிருந்தால் கணக்கே இல்லை.

காகிதம் என்று சும்மா சொல்லவில்லை. கூகுளின் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் என்ற சுருக்க இணைப்புச் சேவை 2025 ஆகஸ்டு 25-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இணைப்பை க்யூஆர் குறியீடாக்கி ரசீதிலும் சுவரொட்டியிலும் அச்சடித்தவர்கள் என்ன செய்ய முடியும்? ஒட்டிய சுவரைத் தேடிப் போகவா முடியும்?

தரவு: மூன்று வழிகள்

இங்கேதான் அதிக நேரம் செலவழித்தோம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் உட்காருகிறது.

முதல் வழி ஃபயர்பேஸ். செயலி செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சர்வரே எழுதவேண்டாம், ஃபோனில் இருக்கும் செயலி நேராகக் கூகுளின் தரவுத்தளத்தோடு பேசும். லாகின், கோப்புச் சேமிப்பு, அறிவிப்பு எல்லாம் ஒரே இடத்தில். இரண்டு பேர் கொண்ட குழு ஒரு மாதத்தில் செயலியைக் கையில் கொடுத்துவிடலாம். நாங்கள் பழைய செயலியின் ஒரு பகுதியை அப்படித்தான் செய்திருந்தோம்.

அதன் கணக்கு முறைக்குப் பழக வேண்டும். ஃபயர்பேஸின் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரில் காசு, படிக்கும் ஆவணங்களின் எண்ணிக்கைக்கு. இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 படிப்புகள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். லேப் வரவேற்பில் இருக்கும் திரையில் அன்றைய பதிவுகள் 200 வரிசையாகத் தெரிகின்றன என்று வையுங்கள். பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் 200 படிப்பு. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், புதுப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்க்க நாளில் 300 தடவை அழுத்தினால் 60,000. ஒரே ஆள், ஒரே திரை, ஒதுக்கீடு காலி. இலவசத் திட்டத்தில் அதற்குமேல் தராது. ஒதுக்கீடு திரும்ப நிரம்புவது பசிபிக் நேரப்படி நள்ளிரவை ஒட்டி. அதாவது நமக்கு மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. காலை பதினோரு மணிக்கு நின்ற லேப், கலிஃபோர்னியாக்காரர்கள் தூங்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

காசு கட்டும் திட்டத்துக்கு மாறினால் நிற்காது. அந்த 10,000 கூடுதல் படிப்புக்கு ஆகும் செலவும் அற்பம்தான். ஆனால் அங்கே வேறு தலைவலி: பில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பான வரம்பு வைக்க முடியாது. எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். நம் நிரலில் ஒரு சுழற்சி தப்பாக ஓடினால் மின்னஞ்சலைப் பார்ப்பதற்குள் ஓடியது ஓடியதுதான்.

இருந்தும் விலையை வைத்து நான் ஃபயர்பேஸை ஒதுக்கவில்லை. அதை ஒதுக்கியதற்குக் காரணம் பார்ஸ்.

பார்ஸ் என்பது ஃபயர்பேஸ் போன்ற ஒரு சேவை. 2013-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. பெரிய இடத்துப் பிள்ளை ஆகிவிட்டது, இனி பயமில்லை என்று பலரும் அதன்மேல் செயலிகளைக் கட்டினார்கள். 2016 ஜனவரி 28-ஆம் தேதி, ஒரு வருடத்தில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. சொன்னபடி 2017 ஜனவரி 30 அன்று மூடினார்கள். இவ்வளவு நாகரிகமாகக் கடையை மூடியவர்கள் குறைவு: ஒரு வருட அவகாசம், தரவை எடுத்துப்போகக் கருவி, தங்கள் சர்வர் நிரலையே திறந்த மூலமாக வெளியிட்டது என்று எல்லாம் செய்தார்கள். அந்தப் பார்ஸ் சர்வர் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அப்படியும் சிக்கல் தீரவில்லை. செயலி ஃபோனுக்குள்ளிருந்து பார்ஸின் முகவரிக்கே நேராகப் பேசிக்கொண்டிருந்தது. தரவை நீங்கள் ஒரே ராத்திரியில் நகர்த்திவிடலாம். ஃபோனில் இருக்கும் செயலியை உங்களால் நகர்த்த முடியாது. அதன் உரிமையாளர் அப்டேட் பொத்தானை அழுத்தவேண்டும். எங்கள் லேப் வாடிக்கையாளர்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏராளம். மகன் துபாயிலிருந்து வரும்போது ஃபோனை அப்டேட் செய்துகொள்ளும் ஆட்கள். அவர்களை நம்பி ஒரு தேதி குறிக்க முடியுமா?

இரண்டாவதுக்கு முன் மூன்றாவது வழியைப் பார்த்துவிடலாம், அண்ணாச்சி கேட்டது அதைத்தானே. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு விபிஎஸ், அதாவது இணையத்தில் ஒரு தனிச் சர்வர், வாடகைக்கு எடுத்து, அதில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நாமே நிறுவி, நாமே பார்த்துக்கொள்வது. வெளியேறும் நாள் கணக்கில் இதுதான் முதலிடம். ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்கு ஒரு ராத்திரியில் போய்விடலாம். ஆனால் 'நாமே' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் ஒன்றரை ஆள். வேறொரு வாடிக்கையாளருக்கு நாங்கள் இப்படிச் செய்து, ஒரு பொங்கல் விடுமுறையில் லாக் கோப்புகள் வட்டை முழுக்க நிரப்பித் தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுபோனது. நான் அப்போது சங்கரன்கோவிலில் மாமியார் வீட்டில், கையில் கரும்போடு. லேப்டாப் திருநெல்வேலியில்.

சொந்தமாக வைத்தால் பத்திரம் என்பதும் அப்படி ஒன்றும் உறுதியில்லை. தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பு எரிந்துபோனது, 858 டெராபைட். வேறெங்கும் பிரதி இல்லை. அது வெளிநாட்டு நிறுவனத்தின் வாடகைச் சேவை அல்ல, அரசின் சொந்தச் சொத்து.

இதற்கு நேரெதிராக ஒன்று. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்துக்குக் கூகுள் கிளவுடில் இருந்த தனி கிளவுட் சந்தா அழிந்துபோனது. அமைக்கும்போது கூகுள் தரப்பில் நேர்ந்த ஒரு தவறுதான் காரணம் என்று இரு தரப்பும் சேர்ந்தே அறிவித்தன. அவர்கள் இரண்டு வெவ்வேறு பகுதிகளில் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டுமே கூகுளுக்குள் என்பதால் இரண்டுமே போயின. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இன்னொரு நிறுவனத்திடம் ஒரு காப்புப் பிரதி வைத்திருந்தார்கள். மீண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பூட்டு வாங்கிய கடையிலேயே மாற்றுச் சாவியையும் விட்டு வைக்கக்கூடாது என்று அவர்களில் யாரோ ஒருவர் முன்பே யோசித்திருக்கிறார்.

ஆக, நாங்கள் தேர்ந்தது நடுவழி: போஸ்ட்கிரெஸை வாடகைக்கு எடுப்பது. சூபாபேஸ் மாதிரி நிறுவனங்களும் இதைத் தருகின்றன, பெரிய கிளவுடுகளும் தருகின்றன. இரவில் வட்டு நிரம்பினால் அவர்கள் பாடு. பிடிக்காவிட்டால் தரவை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு எந்தப் போஸ்ட்கிரெஸிலும் கொட்டிவிடலாம், ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. சூபாபேஸின் இலவசத் திட்டத்தை மட்டும் உண்மையான வேலைக்கு வைக்காதீர்கள். ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் தூங்கவைத்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. சூபாபேஸும் ஃபோனிலிருந்து நேராகப் பேசும் வசதி தருகிறது, அதுவும் வசதியாகத்தான் இருக்கும். அப்படிச் செய்தால் அவர்களின் முகவரி ஃபோனுக்குள் போய்விடும்; பார்ஸ் கதைதான். அதனால் லேப்பின் சொந்த டொமைனில் ஒரு சின்ன ஏபிஐ எழுதிவிட்டோம். செயலிக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான். அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது எங்கள் கவலை. கூடுதல் வேலை, மூன்று வாரம் தாமதம். அண்ணாச்சி முனகினார். தினமும் ராத்திரி தரவின் முழுப் பிரதி இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகும்படி வைத்தோம்; மாதம் ஒருமுறை அதைத் திறந்து, உண்மையிலேயே எழுந்து நிற்கிறதா என்று பார்க்கிறோம். எடுப்பதைவிடத் திறந்து பார்ப்பதுதான் பெரிய வேலை.

மருத்துவத் தரவு என்பதால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவு யாருடைய சர்வரில் கசிந்தாலும் பொறுப்பு அதைச் சேகரித்தவருடையது. அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதும்தான் அண்ணாச்சி முனகலை நிறுத்தினார்.

ஓடிபி

இதற்கு இரண்டு வழி. ஃபயர்பேஸின் ஃபோன் லாகின் போல முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைப்பது ஒன்று. அதில் டிஎல்டி பதிவுத் தொல்லையே நமக்கு இல்லை, அவர்கள் பெயரில் செய்தி போய்விடும். ஆனால் 'இவர் இந்த வாடிக்கையாளர்' என்று சொல்லும் அடையாள எண் அவர்களுடைய கணக்கில் இருக்கும். இன்னொன்று, எண்ணை நம் சர்வரிலேயே உருவாக்கி, நாமே சரிபார்த்து, கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை மட்டும் எஸ்எம்எஸ் நிறுவனத்திடம் விடுவது.

இரண்டாவதுதான். ஓடிபி உருவாக்கிச் சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. ஐந்து நிமிடத்தில் காலாவதி, மூன்று தவறுக்குமேல் பூட்டு, ஒரே எண்ணுக்கு அடுத்தடுத்துக் கேட்டால் மறுப்பு. இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால், யாரோ ஒரு நிரலை ஓடவிட்டு ராத்திரி முழுக்க உங்கள் செலவில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தபால்காரரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடிதம் எழுதுவது நாமாக இருந்தால்.

ஆனால் தபால்காரரை மாற்றமுடியாமல் செய்யும் ஒரு கண்ணி இங்கே உண்டு. டிஎல்டி பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 'நீங்கள் அலையவேண்டாம் சார், எங்கள் பதிவிலேயே அனுப்பித் தருகிறோம்' என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். பிறகு விலகும்போதுதான் அனுப்புநர் பெயரும் வாசகமும் அவர்களுடையது என்று தெரியும். லேப்பின் பெயரிலேயே பதிந்து, அந்த அடையாள எண்ணை அண்ணாச்சி கையில் வைத்திருந்தால், எந்த எஸ்எம்எஸ் நிறுவனத்திடமும் அதையே கொடுத்து அடுத்த நாளே அனுப்ப ஆரம்பிக்கலாம்.

அண்ணாச்சியின் 'நாமளே வச்சுக்கிட்டா' இங்கே எடுபடாது. செய்தியைச் சுமக்கும் கம்பி நமதல்ல. 2021 மார்ச் 8 அன்று இந்த வாசக வடிகட்டி முழுமூச்சாக இயக்கப்பட்டபோது நாடு முழுக்க வங்கி ஓடிபிக்களே தடைப்பட்டன. மறுநாள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. எந்த நிறுவனத்தை வைத்திருந்தாலும் அன்றைக்கு அதே கதிதான். அதனால் இரண்டு எஸ்எம்எஸ் நிறுவனங்கள், மூன்றாவதாக ஒரு வாட்ஸ்அப் வழி. முதலாமவர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்வதை நாங்கள் இப்போது நம்புவதில்லை. 'போய்ச் சேர்ந்தது' என்ற தகவல் முப்பது நொடிக்குள் திரும்பி வராவிட்டால் அடுத்தவர் வழியாகப் போகும். அதுவும் வராவிட்டால் வாட்ஸ்அப்.

வரைபடம்

விலையேற்றம் என்றால் என்ன என்பதற்கு எல்லாரும் கூகுள் மேப்ஸைத்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 2018 வரை ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடத்தைக் காட்டுவது இலவசம். அந்த வருடம் ஜூலை 16 முதல் மாதம் 200 டாலர் வரவு, அதற்குமேல் கட்டணம் என்று மாற்றினார்கள். ஆயிரம் முறைக்கு 7 டாலர் என்பதால் அந்த வரவு சுமார் 28,000 முறைக்குத்தான் காணும். நாளொன்றுக்கு 25,000 என்பது மாதத்துக்கு 28,000 ஆனது. காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கும்: 2024-இல் ஓலா தன் சொந்த வரைபடத்துக்கு மாறிய பிறகு, அந்த ஆகஸ்டு முதல் இந்தியாவுக்கான கட்டணத்தைக் கூகுள் 70 சதவீதம் வரை குறைத்தது. ஓலாவின் தாக்கமா, தற்செயலா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். அவன் ஏற்றினால் அழவேண்டும், இறக்கினால் சிரிக்கவேண்டும் என்ற நிலைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மாற்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் தரவுதான் இலவசம். அவர்களின் சர்வர் நன்கொடையில் ஓடுவது, அதன்மேல் பெரிய பாரத்தை ஏற்றக் கூடாது. தரவை இறக்கி நாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது அதை வைத்துச் சேவை தருபவர்களிடம் வாங்கலாம். எங்களுக்கு இடித்தது வேறு இடத்தில். கதவு எண் சொன்னால் வீட்டைக் காட்டும் அளவுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதில் விவரம் இல்லை. நேர்மையாகச் சொன்னால் கூகுளிலும் பாதி வீடு கிடைக்காது.

மூன்று நாள் இதை மோதிப் பார்த்துவிட்டு, இரத்தம் எடுக்கப் போகும் பையனிடம் கேட்டோம். "அண்ணே, நான் அந்த மேப்பைப் பாக்கவே மாட்டேன். கூகுள் மேப்பைத் தனியாத் திறந்துதான் போவேன்" என்றான். சரி, அப்போது நம் செயலிக்குள் வரைபடம் எதற்கு? வாடிக்கையாளர் வீட்டில் இருந்தபடியே 'என் இடம்' என்று அழுத்தினால் ஃபோனின் ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எங்கள் தரவுத்தளத்தில் பதியும். அதன்கீழ் 'அடையாளம்' என்று ஒரு பெட்டி. 'பிள்ளையார் கோவில் எதிர்ச்சந்து, பச்சை கேட்' என்று எழுதுவார்கள். பையன் அதைத் தொட்டால் அவன் ஃபோனில் இருக்கும் கூகுள் மேப்ஸ் திறக்கும். அப்படி இணைப்பு மூலம் திறப்பதற்கு ஏபிஐ சாவியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கூகுளிடம் முகவரியைக் கொடுத்து வாங்கிய அட்சரேகையை 30 நாளுக்குமேல் சேமித்து வைக்க அவர்களின் விதி அனுமதிப்பதில்லை. ஜிபிஎஸ் தந்தது நம்முடையது. ஒப்பீடு செய்யப்போய் பொருளே வேண்டாம் என்று திரும்பியது இது ஒன்றில்தான்.

அறிவிப்புகளைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் வழி, ஐஃபோனில் ஆப்பிள் வழி. முக்கியமான எதையும் அறிவிப்பில் மட்டும் சொல்லாதீர்கள், அவ்வளவே.

பணம்

இதை நாமே கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 அக்டோபர் முதல் கடைக்காரர்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைப்பதையே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. வாடகைதான், கேள்வி ஒருவரா இருவரா என்பது.

2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அன்றைக்கு ஃபோன்பே தன் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு அந்த ஒரே வங்கியைத்தான் நம்பியிருந்தது. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் செயலி நின்றுபோனது. அடுத்த நாளே ஐசிஐசிஐ வங்கி வழியாக எழுந்துவிட்டார்கள் என்பது சாதனைதான். ஆனால் ஃபோன்பே கூப்பிட்டால் வங்கி எடுக்கும். அண்ணாச்சி கூப்பிட்டால்? 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ ஆகியவை புதுக் கடைகளைச் சேர்ப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. தடை நீங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவைப்படும்போது இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தவர்கள்தான் மாட்டியிருப்பார்கள். ஆகவே இரண்டிலும் இப்போதே கணக்கு. இரண்டாவதில் மாதம் சில பரிவர்த்தனைகள், உயிர் இருக்கிறதா என்று பார்க்க.

இரண்டும் போனால்? பையனின் பையில் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டை ஒன்று லேமினேட் செய்து கிடக்கிறது. அதுவும் போனால் நோட்டு. அண்ணாச்சி சிரித்தார்: "முப்பது வருசமா இப்படித்தானே வாங்கிட்டிருந்தேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை

புதுச் செயலி வெளியான மூன்றாவது வாரம், கூட்டம் குறைந்த ஞாயிறு பிற்பகலில், லேப்பிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். முதல் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சாவியை வேண்டுமென்றே தப்பாக மாற்றினோம். இரண்டாவது வழியாக ஓடிபி வந்தது. தரவுத்தளத்தை நிறுத்தினோம், முந்தின இரவின் பிரதியை வேறொரு நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸில் ஏற்றி ஏபிஐயை அங்கே திருப்ப இரண்டு மணி இருபது நிமிடம் ஆனது. அதில் ஒரு மணி நேரம், கடவுச்சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடியது. அன்று காலையிலிருந்து பதிவானவை பிரதியில் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இப்போது மணிக்கொரு முறை எடுக்கிறோம். பணம் செலுத்தும் நிறுவனத்தை மாற்றியபோது மட்டும் செயலி உறைந்து நின்றது. முதல் நிறுவனத்தின் எஸ்டிகே, அதாவது செயலிக்குள் சேர்த்த அவர்களின் நிரல், ஃபோனுக்குள்ளேயே இருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. இத்தனை பேசிவிட்டு அதைப் போய் விட்டிருக்கிறோம். அடுத்த பதிப்பில் அது இணையப் பக்கமாக லேப்பின் டொமைனுக்கு வந்துவிடும்.

அண்ணாச்சி தன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடிபி இரண்டாவது வழியில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு நொடி.

"தம்பி, ரெண்டு பேர் வழியாவும் ஒரே நேரத்துல அனுப்பிட்டா என்ன?"

செய்தி ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் செலவு ஆகும் என்றேன்.

"எவ்வளவு?"

சில பைசா என்றேன்.

"காலைல ஆறு மணிலேருந்து எட்டு மணி வரைக்கும் மட்டும் போடு."